மதுமதியைக் கடித்த எலி

கவிப்ரியா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மதன் தனி வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டிருந்தான்.

"புள்ளி வந்திருக்கு அண்ணி," என்றான். "உள்ளங்கையில, உள்ளங்கால்ல. சிவப்பு சிவப்பா. காலையிலதான் பாத்தோம்."

"ஜுரம்?"

"இறங்கவே இல்ல. மூட்டெல்லாம் வலிக்குதுன்னு அழறா. டெங்கு இல்லியாம், மலேரியாவும் இல்லியாம். டாக்டர் உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி மதுமதி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கவிப்ரியாவின் ஒரே தங்கை. போர்வைக்குள் ஐந்து மாத வயிறு மேடாகத் தெரிந்தது. இதற்கு முன் இரண்டு கர்ப்பம் தங்காமல் போய், இந்த முறை யாரிடமும் சொல்லாமலே நாலு மாதத்தை ஓட்டியிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். விரல்களை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் அந்தக் கை பாதியில் நின்றது.

மதுமதி கால்நடை டாக்டர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் பிராணிகளைத் தனிமைப்படுத்திப் பரிசோதிக்கும் நிலையத்தில் வேலை. போன வாரம் சரக்குப் பிரிவில் ஒரு பெட்டி பிடிபட்டது. மேலே ஹாம்ஸ்டர் என்று வளர்ப்பு எலியின் பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே மரத்தூளில் புதைந்துகொண்டு பழுப்பு நிற எலிகள். பாதி செத்துப் போயிருந்தன. பொலிவியாவில் பிடித்து, பல கை மாறி, அபூர்வப் பிராணிகள் வளர்க்கும் யாரோ ஒருவருக்காக டெல்லிக்கு வந்தவை. மதுமதி அதில் பெரிய ஒன்றைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினாள்.

கவிப்ரியாவுக்கு எலிகள்தான் தொழில். இந்திய வயல் எலிகளை இனம் பிரிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். அதற்கு முன் பிரேசிலில் தங்கி, தென் அமெரிக்காவின் மண் தோண்டும் எலிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். தங்கையின் படம் வந்தபோது லோதி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நீண்ட நகம், குட்டை வால், ரோமத்துக்குள் முங்கிய சின்னக் காது. "மண் தோண்டுற எலிடி, புழு பூச்சி தின்னுட்டுக் கிடக்கும், பயப்படாத," என்று குரல் பதிவாக அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மத்தியானம் குட்டி எலி ஒன்றைத் தனிக் கூண்டுக்கு மாற்றும்போது அது கையுறையைத் துளைத்து மதுமதியின் ஆள்காட்டி விரலைக் கடித்தது.

டாக்டர் சபர்வால், ஐம்பதைத் தாண்டிய பஞ்சாபிப் பெண்மணி, கவிப்ரியாவைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்திவிட்டு இந்தியில் நேராகவே கேட்டார்.

"பொலிவியாவுல எலியால வர்ற ரத்தக்கசிவு ஜுரம் ஒண்ணு இருக்கு. தெரியுமா?"

"தெரியும். வெஸ்பர் எலியால வர்றது. ஆனா இது அந்த எலி இல்ல. மண் தோண்டுற எலி வேற கிளை. அதுக்கும் அந்த வைரஸுக்கும் சம்பந்தம் இருக்கறதா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"கடிச்ச எலியை நீங்க பார்த்தீங்களா?"

"படம் பார்த்தேன்."

"கடிச்ச எலியோட படமா?"

"இல்ல," என்றாள். "அதே பெட்டியில இருந்த வேற ஒண்ணு."

டாக்டர் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கடித்த எலியின் வால் நுனியை வெட்டி, வழக்கப்படி மரபணு சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். விடை அன்று காலைதான் வந்திருந்தது. கலோமிஸ் என்று போட்டிருந்தது. அதாவது வெஸ்பர் எலி. தொண்ணூற்றொன்பது சதவீதப் பொருத்தம்.

காகிதத்தில் எழுத்துகள் மட்டும் தெரிந்தன, அர்த்தம் மெதுவாக வந்து சேர்ந்தது. ஒரே பெட்டியில் இரண்டு ஜாதி எலிகள் இருந்திருக்கலாம். பிடிக்கிறவன் ஒரே பொறியில் எதையும் பிடிப்பான். இது ஏன் அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் தோன்றவில்லை?

"ரத்தம் புனேவுல இருக்கற வைரஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கு," என்றார் டாக்டர். "விடை வர நாளாகும். அந்த ஜுரமா இருந்தா அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. ஒரு மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன். ஆனா அது கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாத மருந்து. கொடுத்தா குழந்தையை மறந்துட வேண்டியதுதான். சாதாரண எலிக்கடி ஜுரமாவும் இருக்கலாம், அதுக்காக பென்சிலினை இப்பவே ஆரம்பிக்கறேன், அதனால கெடுதல் இல்ல. அந்த இன்னொரு மருந்துக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும். மரபணு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எனக்கு எலியைப் பத்தி ஒண்ணும் தெரியாது மேடம். கடிச்சது எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

நிலையத்துக்கு டாக்ஸியில் போகும் வழியெல்லாம் கவிப்ரியா தன் பழைய குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். பயப்படாத. எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறாள்.

அங்கே ஒரு மூடிய அறையில் அந்தக் குட்டி எலி உயிரோடு இருந்தது. பணியிலிருந்த கால்நடை டாக்டர் அவளுக்கு முழுப் பாதுகாப்பு உடையும் இரட்டைக் கையுறையும் கண்ணாடியும் மாட்டிவிட்டு, "நீங்களே செய்யணுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். ஆயிரக்கணக்கான எலிகளைக் கையில் பிடித்தவள், இன்றைக்குக் கூண்டைத் தொடப் பயந்தாள். மரத்தூளுக்குள் எதுவோ தோண்டும் சத்தம். நிற்கும். மறுபடி தோண்டும். எந்த எலியும்தான் தோண்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மயக்க வாயுவில் அது அடங்கியதும் வெளியே எடுத்தார்கள். அவள் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. வளர்ந்த எலியாக இருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். இது குட்டி. குட்டிகள் எல்லாமே கொஞ்சம் ஒன்றுபோல இருக்கும்: தலை பெரிசு, மூக்கு மழுங்கல், நகம் இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது.

லென்ஸை வைத்துப் பார்த்தாள். மூச்சு பட்டுப் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைக்க வழியில்லை; ஆவி விலகும்வரை நின்று, பிறகு பார்த்தாள். வெஸ்பர் எலிக்குக் காது பெரிசு, காதுக்குப் பின்னால் பெரும்பாலும் வெள்ளை முடி இருக்கும், வயிறு வெளுப்பு. இதற்குக் காது சின்னதுதான். வெள்ளை முடி இல்லை. வயிறு அழுக்கு மஞ்சள். முன்னங்கால் நகங்கள் பின்னங்கால் நகங்களைவிட நீளம். நீளமா? நீளம்தான் போலிருக்கிறது. மறுபடி பார்த்தாள். எனக்கு இது நீளமாக இருக்க வேண்டும், அதனால்தான் நீளமாகத் தெரிகிறதோ?

"சொல்ல முடியுதா?" என்றார் அந்த டாக்டர்.

"மண் தோண்டுற எலின்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா?"

அவள் எலியைக் கூண்டில் விட்டாள். உடைகளைக் கழற்றும்போது ஒரு கையுறை கிழிந்தது. மணிக்கட்டை சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போதாது என்று தோன்றி மறுபடி தேய்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கடித்த எலியின் மரபணு வரிசையை எடுத்து, உலகம் முழுக்க விஞ்ஞானிகள் பதிவேற்றி வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் தானே ஒப்பிட்டுப் பார்த்தாள். வெஸ்பர் எலி என்று பெயர் போட்ட பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் ஒரு கொத்தாக நெருங்கி நின்றன. குட்டி எலி அந்தக் கொத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. அது ஒரே ஒரு பதிவோடு மட்டும் ஒட்டியது. அந்தப் பதிவுக்கும் கலோமிஸ் என்றுதான் பெயர். ஆனால் அது தன் பெயர்க்காரர்களை எல்லாம் விட்டுவிட்டு வெகு தூரத்தில், மண் தோண்டும் எலிகளின் ஓரமாகத் தனியே நின்றது.

"அந்தப் பதிவே தப்பு," என்றாள் மதனிடம். "யாரோ பேரை மாத்திப் போட்டிருக்காங்க. எலி மண் எலிதான், பேர்தான் தப்பு."

மதன் குருகிராமில் மென்பொருள் எழுதுகிறவன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இல்ல, அந்த ஒரு எலி மட்டும் கொஞ்சம் வித்தியாசமான வெஸ்பர் எலியா இருக்கக் கூடாதா? புது வகை? உங்க ஃபீல்டுல இவங்க இங்க வச்சதை அவங்க அங்க வைக்கறதும், ஒண்ணை ரெண்டாப் பிரிக்கறதும் தினம் நடக்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"இருக்கலாம். ஆனா..."

"அண்ணி." அவன் குரலைத் தாழ்த்தினான். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் பயப்படாதேன்னு சொன்னீங்க. அது மண் எலியா இருக்கணும்னு உங்களுக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். ஆசைப்பட்டு அவளைச் சாகக் கொடுத்துடக் கூடாது."

அவள் லேப்டாப்பைப் பாதி மூடினாள். அவன் சொன்னதைத்தான் அந்த அறையில் லென்ஸோடு நின்றபோது அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதுமதி.

"அக்கா, என்ன ஆச்சு? டாக்டர் வந்து ஏதோ சொல்லிட்டுப் போறாங்க. குழந்தைக்கு ஆகாத மருந்துன்னு. நீ என்ன சொல்ற?"

"பாத்துட்டு இருக்கேன்டி. இன்னும் கொஞ்ச நேரம்."

"பாப்பா காலையில அசைஞ்சுது. இப்ப அசையல."

"ஜுரத்துல அப்படித்தான் இருக்கும்."

"உனக்குத் தெரியுமா, சும்மா சொல்றியா?"

கவிப்ரியாவுக்குத் தெரியாது. "தெரியாது மது," என்றாள். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. பிறகு போன் அணைந்தது.

அந்தத் தனிப் பதிவின் கீழே, அந்த எலியின் தோலும் மண்டையோடும் எங்கே இருக்கின்றன என்று குறிப்பு இருந்தது. பொலிவியாவில் ஒரு சிறிய அருங்காட்சியகம். அங்கே எலி அலமாரிகளைக் கவனித்துக்கொள்பவர் மார்த்தா கிஸ்பே. பிரேசிலில் படித்த காலத்தில் கவிப்ரியா அவரிடம் போய்த் தோல்களைப் பார்த்திருக்கிறாள். அவருக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினாள். ஆனால் அங்கே இப்போது விடிந்திருக்கவில்லை. அவர் எழுந்து, அலுவலகம் வந்து, அலமாரியைத் திறந்தாக வேண்டும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. டாக்டர் சபர்வால் இரண்டு முறை வெளியே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். நர்ஸ் ஒருத்தி அந்த இன்னொரு மருந்தின் பாட்டிலைக் கொண்டுவந்து உள்ளே மேஜைமேல் வைத்தாள். கவிப்ரியா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் இறங்கத் தொடங்கியபோது மார்த்தா வீடியோவில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கவிப்ரியா திக்கித் திணறி ஸ்பானிஷும் போர்த்துகீசும் கலந்து விஷயத்தைச் சொன்னாள். மார்த்தா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றாமலே அலமாரிக்குப் போனார். இழுப்பறை இழுபடும் சத்தம். பஞ்சு அடைத்த எலித் தோல்கள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. அட்டையில் இருந்த எண்ணைச் சரிபார்த்து, ஒன்றைக் கையில் எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்தார்.

பெரிய காது. வெள்ளை வயிறு. சின்னச் சின்ன நகங்கள்.

சந்தேகமே இல்லாத வெஸ்பர் எலி.

பதிவு சரி. பெயர் சரி. குட்டி எலியின் மரபணு அந்த எலியோடுதான் பொருந்துகிறது. பக்கத்தில் நின்ற மதன் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினான். அவனுக்கு எலி தெரியாது, ஆனால் அவள் முகம் தெரிந்தது.

"நான் போய் டாக்டர்கிட்ட சொல்றேன்," என்றான்.

"இருங்க." அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை. "மதன், ஒரு நிமிஷம். இருங்க."

திரையில் மார்த்தா இன்னொரு தோலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கவி," என்றார், "இது அடுத்த எண். அதே இடம், அதே நாள் பிடிச்சது. பார்."

சிவந்த பழுப்பு ரோமம். குட்டையான தடித்த வால். முன்னங்கால்களில் கொக்கிபோல நீண்ட நகங்கள். மண் தோண்டும் எலி.

"அன்னிக்கு வந்த வெளிநாட்டுக் குழு தசைத் துணுக்குகளைக் குழாய்ல போட்டுத் தங்களோட கொண்டு போயிட்டாங்க," என்றார் மார்த்தா. "தோல் மட்டும்தான் இங்க இருக்கு. குழாய்ல அவங்க எண்ணைச் சரியா எழுதினாங்களான்னு எனக்குத் தெரியாது. இந்த ரெண்டாவது எலியோட மரபணுவும் பதிவாயிருக்கா பாரு. இருந்தா, அது யார் கூடச் சேருதுன்னு பாரு."

கவிப்ரியா அந்த எண்ணைத் தட்டினாள். ஒரு தடவை தவறாக அடித்து அழித்தாள். இரண்டாவது எண்ணின் பதிவு இருந்தது. மண் தோண்டும் எலி என்றுதான் பெயர் போட்டிருந்தது. அதை எடுத்து மற்றவற்றோடு ஒப்பிட்டாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படம் விரிந்தது.

மண் தோண்டும் எலி என்று பெயர் வைத்த அந்தப் பதிவு, நூற்றுக்கணக்கான வெஸ்பர் எலிகளின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

"குழாய் மாறிடுச்சு," என்றாள். "மதன், இங்க பாருங்க. ரெண்டு குழாயும் இடம் மாறிடுச்சு. இதோட பேர் அதுக்கு, அதோட பேர் இதுக்கு. அப்படீன்னா நம்ம குட்டியோட பொருந்தற மரபணு இந்த நகம் வச்ச எலியோடது. வெஸ்பர் எலியோடது இல்ல."

மதன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இந்தத் தடவை இது உங்க ஆசை இல்லையே?"

"இல்ல. இது என் கண்ணு சொல்றது இல்ல. ரெண்டு தோல், ரெண்டு பதிவு. நீங்களே பாருங்க."

டாக்டர் சபர்வால் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். மார்த்தாவை இரண்டு தோல்களையும் அருகருகே பிடித்துக் காட்டச் சொன்னார். "நூறு சதவீதமா?" என்றார்.

"நூறு சொல்ல மாட்டேன்," என்றாள் கவிப்ரியா. "அது எந்த இனம்னு கேட்டா இப்பகூடத் தெரியாது. இந்த எலிகளை ஒரு காலத்துல ஒரே கூட்டத்துல வச்சிருந்தாங்க, அப்புறம் பிரிச்சாங்க, இன்னும் சண்டை ஓயல. ஆனா வெஸ்பர் எலி இல்ல. அதை மட்டும் சொல்றேன்."

டாக்டர் உள்ளே போய் மேஜைமேல் இருந்த பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "பென்சிலின் மட்டும் போகட்டும். ரத்தக்கசிவு ஒரு சொட்டு தெரிஞ்சாலும் நான் காத்திருக்க மாட்டேன்."

மறுநாள் ஜுரம் குறையவில்லை. புள்ளிகள் மணிக்கட்டு தாண்டி முழங்கை வரை ஏறின. கவிப்ரியா நாற்காலியை விட்டு எழவே இல்லை. நர்ஸ் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். பல் துலக்கும்போது ரத்தம் வந்ததா, மூக்கில் வந்ததா என்று போனில் தங்கையைக் கேட்டாள். இல்லை என்றாள் மதுமதி. பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்டாள். டாக்டர் கடந்து போகையில் நின்று, "நீங்க சொன்னதுல மாத்தம் இல்லையே?" என்றார். இல்லை என்றாள் கவிப்ரியா. அலமாரியில் மார்த்தாவின் கை தவறியிருந்தால்? இரண்டு தோலில் ஒன்றின் அட்டையே மாறியிருந்தால்? அப்படி எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் உலகத்தில் எந்தப் பெயரையும் நம்ப முடியாது. ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் மதுமதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இட்லி வேண்டும் என்றாள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்ததில் எலியின் வாயில் சாதாரணமாக இருக்கும் ஒரு கிருமி அகப்பட்டது. எலிக்கடி ஜுரம். பென்சிலினுக்குக் கட்டுப்படுவது. புனேவிலிருந்து வந்த விடையிலும் வைரஸ் இல்லை. ஸ்கேன் எடுத்தபோது குழந்தை உள்ளே புரண்டது. மதன் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தனி வார்டின் கதவைத் திறந்துவிட்ட அன்று கவிப்ரியா உள்ளே போனாள். தங்கையின் கையில் தோல் மெல்லியதாக உரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு சாயங்காலம்," என்றாள் மதுமதி, "டாக்டர்கிட்ட சொன்னியே. உனக்கு உறுதியாத் தெரிஞ்சுதா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"மருந்து வேண்டாம்னு சொல்ற அளவுக்கு. தூங்கற அளவுக்கு இல்ல."

மதுமதி கோபப்படப் போகிறாள் என்று கவிப்ரியா நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதுமதி கையை உருவிக்கொண்டு இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"இதை என்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா நான் அந்த மருந்தைப் போடுன்னு சொல்லியிருப்பேன்கா. செத்துடுவேன்னு அவ்வளவு பயமா இருந்துச்சு. பாப்பாவைப் பத்தி யோசிக்கக்கூட இல்ல."

"யாரா இருந்தாலும் அப்படித்தான்டி."

"தெரியல." அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் போகாம இரு. பேச வேண்டாம். சும்மா இரு."

கவிப்ரியா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைக் கட்டிலில் தூக்கி வைத்துக்கொண்டாள். வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்கு இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டார்கள்.